தாய்வழி உறவு

ப்ரூக்ளின்,
ஆகஸ்ட் 9, 1998

அல்சி,

போன் செய்யாமல் எதற்குக் கடிதம் என்று முகம் சுளிக்காதே. போனில் மூன்றாவது நிமிடமே "சரிக்கா, அப்புறம் பேசலாம்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை நீ பாதியில் மூடினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. அந்த மட்டில் நிம்மதி.

போன வருடம் வசந்தத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். எங்கள் மாதா கோவிலில் பனாமாக்காரர்களின் பட்டியலை வாங்கி வீடு வீடாகப் போனவள். நாற்பது கேள்வி கேட்டாள். எத்தனை வயதில் வந்தாய், எவ்வளவு படித்தாய், சொந்த வீடு உண்டா, கஷ்டம் வந்தால் யாரிடம் போவாய், இப்படி. என் தேங்காய்ச் சோற்றை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனாள், நல்ல பெண். பதில் சொன்னதற்கு நன்றியாக இப்போது ஒரு புத்தகம் வந்திருக்கிறது. பனாமாவிலிருந்து வந்தவர்களையும் ஆசியாவிலிருந்து வந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். இடது பத்தியில் நாங்கள், வலது பத்தியில் அவர்கள்.

முதியோர் இல்லத்தில் காலையிலிருந்து ஆட்களைத் தூக்கிப் புரட்டிவிட்டு வந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு படித்தேன். ஆங்கிலம் பேசுவதில் நாங்கள் முன்னால். பள்ளிப் படிப்பில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அட, பரவாயில்லையே என்று பக்கத்தைத் திருப்பினேன். வீடு, சம்பளம், சொந்தத் தொழில் எல்லாவற்றிலும் வலது பத்தி எங்கேயோ போய்விட்டது. ஏன் என்று பேராசிரியர் விளக்குகிறார். அவர்கள் குடும்பத்தில் ஒருவர் மேலே வந்தால் மற்றவரைக் கைதூக்கி விடுவார்களாம். சிரித்துவிட்டேன்.

முப்பத்தோராம் பக்கத்தில் வலது பத்திக்காரர் ஒருவர் பேசுகிறார். பெயர் போடவில்லை. ஆண், ஐம்பத்தொன்பது வயது. சொல்கிறார்: "பனாமாவில், கோலோன் நகரில் எட்டாம் தெரு முனையில், பச்சைக் கதவு போட்ட எங்கள் கடையில் அம்மா எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு மிட்டாய் கொசுறு கொடுப்பார். உழைப்பை அவரிடம் கற்றேன். இந்த நாட்டுக்கு நான் தனியாகத்தான் வந்தேன். எனக்குத் துணை ஒருவரும் இல்லை."

விமானத்தில் நீ வாந்தி எடுத்தபோது பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யாரடா, பேயா?

அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

எனெய்டா

பி.கு. என் சிநேகிதி மெலிடா சொல்லி உனக்குத் தெரிய வந்தாலும் வரும். எங்கள் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். அக்டோபர் முடிவுக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். பார்த்துக்கொள்வேன்.

 

டேலி சிட்டி, கலிபோர்னியா,
ஆகஸ்ட் 20, 1998

அன்புள்ள அக்கா,

கடிதத்தை முழுவதும் படித்தேன். இரண்டு முறை.

அந்தப் புத்தகத்துக்காக என்னிடம் பேசியவர்கள் யாரென்றே எனக்குச் சரியாகத் தெரியாது. தொலைபேசிப் புத்தகத்தில் சோங் என்ற பெயரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஏணி மேல் நின்று மின்கம்பி இழுத்துக்கொண்டிருந்தேன். "குடும்பத்தோட வந்தீங்களா?" என்று போனில் ஒருத்தி கேட்டாள். குடும்பம் என்றால் பெண்டாட்டி பிள்ளைகள் என்றுதானே நினைப்போம்? இல்லை, தனியாகத்தான் என்றேன். கடை, மிட்டாய் எல்லாம் நான் சொன்னதுதான், துணை இல்லை என்பது அவர்களாகக் கோத்தது.

பத்தி விஷயத்தில் என்மேல் கோபித்து என்ன செய்ய? உனக்கும் எனக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே பெயர். கிட்டென்ஸ் சோங். நம் ஊர் வழக்கப்படி அப்பா பெயர் முன்னால், அம்மா பெயர் பின்னால். குடியேற்ற அலுவலகத்தில் நான் முழுதாக எழுதினேன், அந்த ஆள் கடைசி வார்த்தைதான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு சோங் ஆக்கிவிட்டான். நீ கை வலிக்கிறது என்று கிட்டென்ஸோடு நிறுத்திவிட்டாய். அன்றைக்கு மத்தியானம் ஐந்து நிமிடத்தில் நடந்த காரியம்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மெலிடா உண்மையாகவே சொல்லிவிட்டாள். இந்த வயதில் எங்கே போவாய்?

சோங் என்று பெயர் உள்ள சீனர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் குடும்பச் சங்கத்துக்குச் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கட்டடம் இருக்கிறது. கீழே கூடம், மேலே சங்கத்துக் குடும்பங்களில் வயதானவர்களுக்கு ஆறு அறைகள். வாடகை கொஞ்சம்தான். ஒரு அறை காலியாகியிருக்கிறது. சன்னல் தெருவைப் பார்த்து, வெயில் வரும். உனக்காக விண்ணப்பம் போட்டுவிட்டேன். பெயர் எனெய்டா சோங். அது உன் பெயர்தானே, யாரும் கேட்க முடியாது. உறவு என்ற இடத்தில் "தாய்வழி உறவு" என்று எழுதியிருக்கிறேன். அதுவும் பொய்யில்லை. குழுவில் இருப்பவர்கள் பழைய காலத்து ஆட்கள், முழுக் கதையையும் அவர்களிடம் அவிழ்த்துவிட வேண்டியதில்லை.

படிவத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

தம்பி அல்சி

 

ப்ரூக்ளின்,
ஆகஸ்ட் 30, 1998

அல்சி,

தாய்வழி உறவு!

எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய். மாமா மகளா, சித்தி மகளா, அம்மா கடையில் அரிசி வாங்கிய யாரோ ஒருத்தியா? அப்பா பக்கத்தைச் சொல்லாமல் இருக்க எப்படியெல்லாம் வார்த்தை தேடுகிறாய்! அம்மாவின் சீனக் கண்ணும் மூக்கும் உனக்கு வந்தது. எனக்கு அப்பாவின் கறுப்பு நிறம். அது நம் இரண்டு பேர் செய்ததும் இல்லை.

நான் இதைப் பேசியதே இல்லை. பேசினால் சண்டை வரும், சண்டை வந்தால் நீயும் இல்லாமல் போவாய் என்று முப்பத்திரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு அலுத்துவிட்டது.

1966 பிப்ரவரி. மன்ஹாட்டனில் பதினான்காம் தெரு. அறை தேடி நான்காவது மாடி ஏறினோம். நீ முன்னால், நான் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு பின்னால், ஏனென்றால் உனக்கு இடுப்பு வலி. வீட்டுக்காரர் ஒத்தேரோ, ஸ்பெயின்காரர். உன் குடியேற்றத் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "சோங்கா? சீனனா? ரொம்ப நல்லதாப் போச்சு. சீனங்க சத்தம் போட மாட்டாங்க, வாடகை தேதி தவறாது. அறை இருக்கு, வா வா" என்றார். அதற்கப்புறம்தான் படியில் நின்ற என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார்.

நீ சொன்னாய்: "பைசானா."

"ஊர்க்காரியா? அப்ப ஊர்க்காரி வேற இடம் பாத்துக்கட்டும். ஒரு அறை, ஒரு ஆளு" என்றார். நீ என்னிடம் திரும்பி, "ரெண்டு நாள் பொறுத்துக்கக்கா, நான் பேசிப் பாக்கறேன்" என்றாய். இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

என் பெட்டியை நானே இறக்கிக்கொண்டு ப்ரூக்ளினுக்கு வந்தேன். ஃப்ராங்க்ளின் சாலையில் நம் ஊர்ப் பெண்கள் மூன்று பேர் ஒரு அறையில் இருந்தார்கள், மெலிடா அதில் ஒருத்தி. என்னை யார் என்று கேட்கவே இல்லை, சூப்பில் இன்னும் ஒரு கோப்பை தண்ணீர் சேர்த்து எனக்கும் ஊற்றினார்கள். அதற்கப்புறம் நான் பார்க்கப் போன வீடெல்லாம் நான் போவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் வாடகைக்குப் போயிருந்தது. நம் இரண்டு பேருக்கும் ஒரே வணிகப் பள்ளியில் ஒரே சான்றிதழ். எனக்கு அதைக் காட்டச் சந்தர்ப்பமே வரவில்லை, முகத்தைப் பார்த்ததும் படுக்கை மாற்றத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். இதையெல்லாம் அந்தப் பேராசிரியர் எந்தப் பத்தியில் போடுவார்?

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன்.

எனெய்டா

 

டேலி சிட்டி,
செப்டம்பர் 12, 1998

அக்கா,

பத்து நாள் எழுதாமல் இருந்தேன். கோபம்தான். பெண்டாட்டி சூக்லிங் கூடக் கேட்டாள், "என்னங்க, சாப்பாட்டுல உப்பில்லையா, இல்ல மூஞ்சியில உசுரில்லையா?" என்று.

பைசானா என்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா? நீ கோலோனில்தானே பிறந்தாய்! நம் ஊரில் யார் வாயில் வந்தாலும் அதற்குச் சீனன், சீனாக்காரி என்றுதான் பொருள். பெயர் தெரியாத சீனக் கடைக்காரனை எல்லோரும் பைசானோ என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மாவை எத்தனை பேர் அப்படிக் கூப்பிட்டு நீயே கேட்டிருக்கிறாய். "இவளும் சீனாக்காரிதான், என் ஆள்தான், இவளுக்கும் இடம் கொடு" என்று சொல்லத்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அந்த மனுஷன் ஸ்பெயின்காரன். அவன் ஊரில் அதற்கு ஊர்க்காரி என்று மட்டும்தான் பொருள். அதற்கு நான் என்ன செய்ய? ஒரு வார்த்தை கடல் தாண்டிப் பொருள் மாறியதற்கு முப்பத்திரண்டு வருடம் என்மேல் கோபமா?

என் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. பிள்ளைகள் பிறந்தபோது அனுப்பிய புகைப்படங்களுக்குப் பதில் இல்லை. தப்பெல்லாம் என் ஒருவன் தலையில்தானா?

வலது பத்தியில் இருப்பவன் சோபாவில் சாய்ந்து கிடக்கிறான் என்று நினைக்காதே. நியூயார்க்கில் பக்கத்து அறைக்காரர் ஒரு சோங். அவர் மூலம்தான் இந்தச் சங்கம், சங்கத்தின் மூலம்தான் முதல் வேலை, பிறகு இந்த வீடு. நன்றி இருக்கிறது. ஆனால் அங்கே அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறேன், சுருள் தெரியக்கூடாது என்று. கூடத்தில் யாராவது கறுப்பர்களைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரித்தால் எழுந்து போய்த் தேநீர் ஊற்றிக்கொள்வேன். முப்பது வருடத்தில் எவ்வளவு தேநீர் குடித்திருப்பேன் என்று நீயே பார்த்துக்கொள்.

வீம்பை விடு. அக்டோபர் வந்துகொண்டிருக்கிறது.

அல்சி

 

ப்ரூக்ளின்,
செப்டம்பர் 21, 1998

அல்சி,

இன்று இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை, முதுகு விட்டுப்போய்விட்டது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

பைசானாவுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நீ சொன்ன அந்த நிமிடமே தெரியும். உள்ளுக்குள் சிரித்துக்கூட விட்டேன், தம்பி கெட்டிக்காரன், என்னையும் சீனாக்காரி ஆக்கிவிட்டான் என்று. அதற்கப்புறம் ஒத்தேரோ "ஊர்க்காரியா?" என்று கேட்டார் பார், அப்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். இப்போது சொல்வான், "ஊர்க்காரி இல்லைங்க, என் அக்கா" என்று சொல்வான் என்று நின்றேன். பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. நீ உன் ஷூவில் ஒட்டிய பனியைத் தட்டினாய், பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் கோபித்துக்கொண்டது நீ சொன்ன வார்த்தைக்காக இல்லை. இதற்கும் நீ ஏதாவது விளக்கம் எழுதுவாய். எழுதாதே, எனக்குப் படிக்கத் தெம்பில்லை.

அப்பா சாகும்போது கடைசியாக உன்னைத்தான் கேட்டார். சண்டைக்காகச் சொல்லவில்லை, உனக்குத் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

எனெய்டா

 

டேலி சிட்டி,
அக்டோபர் 6, 1998

அக்கா,

விளக்கம் இல்லை.

அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. உடனே தெரிந்தது. வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் அறை இல்லை, மூடிக்கொண்டால் ஒருவனுக்காவது உண்டு. வெளியே பனி கொட்டியது, எனக்குப் பயமாக இருந்தது. உன் பெட்டி படியில் இடித்து இடித்துக் கீழே இறங்கிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கும். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆனது, வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்ததும் வேலைக்குப் போகவில்லை. அப்பாவின் படம் ஒன்று பெட்டி அடியில் கிடந்தது, பனாமா கால்வாய் வேலைக்காரர்களோடு தொப்பி போட்டு நிற்பாரே, அது. அதை எடுத்துக்கொண்டு சங்கத் தலைவர் சோங் லியோங்கிடம் நேராகப் போனேன். பெரூவில் பிறந்தவர், எண்பது வயது. படத்தை அவர் மேசை மேல் வைத்து, "இது எங்க அப்பா. பேரு கிட்டென்ஸ். அந்த விண்ணப்பத்துல இருக்கறவங்க உறவு இல்லைங்க, என் கூடப்பிறந்த அக்கா. ஒரே அப்பா, ஒரே அம்மா" என்றேன். அவர் உட்காரச் சொல்லும்வரை வேலை கேட்டு வந்த பையனைப் போல நின்றேன். நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவன் நான்.

அவர் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "ஆளு வாட்டசாட்டமாத்தான் இருந்திருக்காரு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நாங்க என்ன குருடங்களா? முப்பது வருஷமா உன் தலையைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம். எங்க அம்மாவே லிமாவுல மீன் வித்த கறுப்புப் பொம்பளதான். நீ சொல்ல வேணாம்னு நெனச்சே, சரி உன் இஷ்டம்னு நாங்களும் கேக்கல" என்றார்.

நான் அறையைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறியது. பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது அக்கா. அங்கத்தினரின் பெற்றோர், கூடப்பிறந்தவர்கள் என்றால் வரிசை கிடையாது, அறை காலியாக இருந்தால் அன்றைக்கே சாவி. மற்ற உறவு என்றால் வரிசையில் நிற்க வேண்டும். "ஆகஸ்டுலயே அக்கான்னு எழுதியிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே மடையா! தாய்வழி உறவுன்னு எழுதினா நான் என்ன செய்ய?" என்று கத்தினார். நான் போனதற்கு நான்கு நாள் முன்னால் அந்த அறையை வேறு ஒருவரின் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்தது எப்போது காலியாகும் என்று அவருக்கே தெரியாது. யாராவது செத்தால்தான்.

இரண்டாவது தடவையும் உன் அறையை நானே கெடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்கு வா. பெரியவனின் அறை சும்மாதான் கிடக்கிறது. சூக்லிங் உனக்காக மெத்தை மாற்றிவிட்டாள், "உங்க அக்கா வர்றதுக்கு நீங்க எதுக்குக் குழு குழுவா அலையறீங்க?" என்று என்னைத் திட்டினாள். பயணச்சீட்டு அனுப்பட்டுமா? ஒரு வரி எழுது.

அல்சி

 

ப்ரூக்ளின்,
அக்டோபர் 19, 1998

தம்பி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பெட்டி கட்டுகிற அவசரத்தில் இன்றுதான் பதில் எழுத முடிந்தது.

அப்பா படத்தை எடுத்துக்கொண்டு போனாய் என்று படித்ததும் அழுதுவிட்டேன். மெலிடா ஓடி வந்து யார் செத்தார்கள் என்று கேட்டாள். யாரும் சாகவில்லை, என் தம்பி பேசிவிட்டான் என்றேன். "அடேங்கப்பா, அவனுக்கு வாய் இருக்கா?" என்றாள். அவளை உனக்குத் தெரியாதா.

உன் வீட்டுக்கு வரவில்லை. கோபம் இல்லை, அதை நம்பு. சூக்லிங் நல்லவள், மெத்தை மாற்றியதற்கு என் நன்றியைச் சொல். ஆனால் அறுபத்து மூன்று வயதில் இன்னொருவர் வீட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து, பாத்திரம் கழுவட்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. என் சாவி, என் கதவு, என் அடுப்பு என்றால் வந்திருப்பேன். மெலிடாவோடு செயின்ட் ஜான்ஸ் தெருவில் ஒரு இடம் பார்த்திருக்கிறோம். ஒன்றரை அறை, மூன்றாவது மாடி. அரை அறை எனக்கு. சூடேற்றும் குழாய் சரியாக வேலை செய்யாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு நீ வா. எனக்கு அனுப்ப இருந்த பயணச்சீட்டை உனக்கே வாங்கிக்கொள்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பிறகு நான் மட்டும் மறைப்பது நியாயமில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதினேன் இல்லையா, அது உனக்கு எழுதியது. அன்றைக்கே மெலிடாவிடம் நான் கலிபோர்னியா போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ ஒரு தடவை அக்கா என்று எழுதி அனுப்பட்டும், கிளம்பிவிடலாம் என்று இருந்தேன். அங்கே பனி பெய்யாதாமே. என்னுடைய கனத்த குளிர் கோட்டு இரண்டையும் செப்டம்பரிலேயே மெலிடாவின் மகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

இங்கே குளிர ஆரம்பித்துவிட்டது. அவளிடம் எப்படித் திருப்பிக் கேட்பது என்று தெரியவில்லை.

அக்கா